ஒரே செட்டில் மூன்று மொழி

1930-ன் கடைசி மாதங்களில் ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டுடியோவில் 'டிராகுலா' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. பகலில் டாட் பிரௌனிங் இயக்க, பேலா லுகோசி நடித்தார். அவர்கள் வேலை முடித்துக் கிளம்பியதும் அதே கோட்டைக்குள், அதே படிக்கட்டில், அதே சிலந்தி வலைகளுக்கு நடுவே இன்னொரு குழு வந்து இறங்கியது. ஸ்பெயினில் பிறந்த கார்லோஸ் வில்லாரியாஸ் டிராகுலா பிரபு. மெக்சிகோவிலிருந்து வந்த லுபிடா தோவார் கதாநாயகி. விடிய விடிய அதே கதையை ஸ்பானிய மொழியில் எடுத்தார்கள். இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு அந்த மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை வாங்கினார். பகல் குழு எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்கு இருந்தது. கேமராவை எங்கே நகர்த்தினால் காட்சி இன்னும் எடுபடும் என்று யோசித்து எடுத்தார்கள். பல விமர்சகர்கள் இன்று ஆங்கிலப் படத்தைவிட ஸ்பானியப் படத்தின் ஒளிப்பதிவையே மெச்சுகிறார்கள். எனக்கும் அதே கருத்துதான்.

ஆங்கில டிராகுலாவுக்கு 3,40,000 டாலருக்குச் சற்று மேல் செலவானது. ஸ்பானிய டிராகுலாவுக்கு ஏறத்தாழ 66,000 டாலர். இரண்டும் முழுநீளப் படங்கள்தான்; ஸ்பானியப் படம் அரை மணி நேரம் கூடுதலாகவே ஓடும். ஆனால் செலவு ஐந்தில் ஒரு பங்கு. இது எப்படி முடிந்தது, இப்படிப் பல மொழிகளில் திரும்பத் திரும்ப எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது, நான்கைந்து ஆண்டுகளில் அந்த முறை ஏன் பெரும்பாலும் கைவிடப்பட்டது என்பதையெல்லாம் புரிந்துகொண்டால் சினிமா வியாபாரத்தின் அடிப்படைக் கணக்கே விளங்கிவிடும்.

மௌனப் படக் காலத்தில் மொழி ஒரு செலவே அல்ல. நடிகர் வாயசைப்பார், நடுவே எழுத்து அட்டை வரும். பாரிசுக்குப் போகும் பிரிண்டில் பிரெஞ்சு அட்டை, பெர்லினுக்குப் போகும் பிரிண்டில் ஜெர்மன் அட்டை. அட்டைகளை மாற்ற ஆகும் காசு படச் செலவில் ஒரு துளி. அதனால்தான் ஹாலிவுட் தன் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெளிநாடுகளிலிருந்து எடுத்தது. 1927 அக்டோபரில் வார்னர் சகோதரர்களின் பேசும்படம் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கத் தியேட்டர்கள் பேசும்படத்துக்கு மாறிவிட்டன. அந்த மூன்றில் ஒரு பங்கு வருமானம் அப்போதுதான் ஆட்டம் கண்டது. ஆங்கிலம் தெரியாத ஊரில் ஆங்கிலம் பேசும் படத்தை என்ன செய்வது?

டப்பிங் செய்திருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். அன்று அது முடியாத வேலையாக இருந்தது. வசனம், பின்னணி ஓசை, இசை எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே ஒலித்தடத்தில் பதிவாயின. பிறகு தனித்தனியாகப் பிரித்துக் கலக்க முடியாது. மறுபதிவு செய்தால் தரம் கெட்டுப்போகும். இயக்குநர் ஹிட்ச்காக் 1929-ல் இங்கிலாந்தில் 'பிளாக்மெயில்' எடுத்தபோது நடந்ததைப் பாருங்கள். கதாநாயகி அன்னி ஓண்ட்ரா செக் மொழிச் சாயலில்தான் ஆங்கிலம் பேசுவார். குரலைப் பிறகு மாற்ற வழியில்லாததால் ஜோன் பாரி என்ற நடிகையைக் கேமராவுக்கு எட்டாத இடத்தில் மைக்குக்கு முன் நிறுத்தினார்கள். ஓண்ட்ரா வாயசைக்க, பாரி அதே நொடியில் வசனம் பேச, காட்சி பதிவானது. ஒரு நடிகையின் உச்சரிப்பை மறைக்கவே இத்தனை பாடு என்றால், முழுப் படத்தையும் வேறு மொழிக்கு மாற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

வசனத்தைப் படத்தின் அடியில் எழுத்தாகக் காட்டுவது ஒரு வழி. படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது உதவும். காசு கொடுத்துப் பேசும்படம் பார்க்க வந்தவர்களைப் படிக்கச் சொன்னால் அவர்கள் முகம் சுளித்தார்கள். முசோலினியின் இத்தாலி, அயல்மொழி வசனம் திரையில் ஒலிக்கவே கூடாது என்று தடை போட்டது. மிஞ்சியது ஒரே வழி: படத்தையே இன்னொரு மொழியில் இன்னொரு முறை எடுப்பது.

இதன் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை உரிமை, செட், உடை, இசை, கூட்டக் காட்சிகள் ஆகியவற்றுக்கு அதில் 60 ரூபாய் போகிறது. நடிகர் சம்பளம், பிலிம் சுருள், ஸ்டுடியோ நாள் வாடகை ஆகியவற்றுக்கு 40 ரூபாய். இரண்டாவது மொழியில் எடுக்கும்போது அந்த 60 ரூபாயைத் திரும்பச் செலவழிக்க வேண்டாம். செட் நிற்கிறது, உடை தைத்தாயிற்று, தூரத்தில் குதிரைப்படை ஓடும் காட்சி எந்த மொழிக்கும் பொருந்தும். 40 ரூபாயும் 25 ஆகக் குறையும். விளக்கு எங்கே, கேமரா எங்கே என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதால் வேலை வேகமாக நடக்கும். நடிகர்களும் குறைந்த சம்பளக்காரர்கள். ஆக 200 ரூபாய் ஆகவேண்டிய இரண்டு படங்கள் 125 ரூபாய்க்கு முடிகின்றன.

தயாரிப்பாளர் கேட்கவேண்டிய கேள்வி அப்போது ஒன்றுதான்: அந்த இரண்டாவது மொழி எனக்கு 25 ரூபாய்க்கு மேல் கொண்டுவருமா? 50 ரூபாய் கொண்டுவந்தால், மிஞ்சும் 25 ரூபாய் முதல் படத்தின் சுமையையும் குறைக்கும். 15 ரூபாய்தான் வரும் என்றால் அந்த மொழியைத் தொடவே கூடாது. அந்தக் காலத்தின் வெற்றி தோல்வி எல்லாம் இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்களா என்பதைப் பொறுத்தே அமைந்தது.

தவறாகப் பதில் சொன்னவர்களில் பெரிய கை பாரமவுண்ட். கலிபோர்னியாவுக்கு ஐரோப்பிய நடிகர்களைக் கப்பலில் வரவழைத்து, தங்க வைத்து, சம்பளம் கொடுத்துக் கட்டாது என்று கண்டு, 1930-ல் பாரிசுக்குப் பக்கத்தில் ஜுவான்வில் என்ற இடத்தில் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தார்கள். பொறுப்பு ராபர்ட் கேன் என்பவர் கையில். ஏற்பாடு தொழிற்சாலையைப் போன்றது. ஹாலிவுட்டில் எடுத்து முடித்த ஒரு படத்தின் பிரிண்டும் திரைக்கதையும் வரும். ஒரு செட் போடுவார்கள். பிரெஞ்சுக் குழு வந்து நடித்துவிட்டுப் போகும். பிறகு ஸ்பானியக் குழு, இத்தாலியக் குழு, சுவீடன் குழு, ஹங்கேரியக் குழு. மொழிக்கு ஓர் இயக்குநர். இரவு பகல் பாராமல் ஷிப்டு போட்டு, ஓரிரு வாரத்தில் ஒரு மொழிப் படத்தை முடித்துவிடுவார்கள். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே படம் பிடித்தார்கள்.

பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பாரமவுண்டுக்கு அமெரிக்கா முழுவதும் சொந்தத் தியேட்டர்கள் இருந்தன. அவற்றின் வசூலும் அதைக் காட்டி வாங்கிய கடனும்தான் ஜுவான்வில்லின் முதல். வெளியார் யாரும் ஏரியா உரிமைக்கு முன்பணம் கொடுத்துப் பங்கேற்கவில்லை. அதனால் அந்தந்த நாட்டு விநியோகஸ்தரிடம், "இந்தக் கதை உங்கள் ஊரில் ஓடுமா?" என்று கேட்கவேண்டிய கட்டாயமும் பாரமவுண்டுக்கு இல்லாமல் போனது. ஜுவான்வில்லின் அடிப்படைக் கோளாறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்கக் கதை, அமெரிக்கப் பழக்கவழக்கம், அதற்குள் ஹங்கேரி மொழி பேசும் முகங்கள். அந்த ஊர் ரசிகர் அமெரிக்க நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குவார். திரையில் இருப்பதோ வேறு ஆள். சின்ன மொழிகளில் ஒலிக்கருவி பொருத்திய தியேட்டர்களே அப்போது சொற்பம். 25 ரூபாய் செலவழித்த இடத்தில் 15 ரூபாய்கூடத் திரும்பாத மொழிகள் பல.

ஜுவான்வில்லிலேயே பெரிதாக ஓடிய ஒரு படம் இதை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. மர்சேல் பாஞோல் பாரிஸ் மேடையில் வெற்றிபெற்ற தன் 'மாரியுஸ்' நாடகத்தைப் படமாக்க பாரமவுண்டுக்குக் கொடுத்தார். 1931-ல் அலெக்சாண்டர் கோர்டா இயக்கினார். மேடையில் நடித்த ரெய்மு, பியேர் பிரெனே, ஒரான் தெமாசிஸ் ஆகியோரே நடித்தார்கள். மர்செய் துறைமுகத்துப் பேச்சு, அந்த ஊர்ச் சிரிப்பு, அந்த ஊர்க் கோபம். பிரான்சில் வசூல் கொட்டியது. அதே கதையை ஜெர்மனிலும் சுவீடன் மொழியிலும் எடுத்தார்கள். அவற்றை இன்று ஆராய்ச்சியாளர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கதை எந்த மண்ணில் முளைத்ததோ அந்த மொழியில்தான் அது பணமாகியது.

ஒலிக்கருவியின் காப்புரிமையும் இந்தக் கணக்கில் சேரும். படம் பேசவேண்டும் என்றால் பதிவு செய்யும் கருவிக்கும், தியேட்டரில் ஒலிக்கும் கருவிக்கும் யாருக்காவது உரிமைத்தொகை கட்டியாக வேண்டும். அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கும் ஆர்.சி.ஏ.வும். ஜெர்மனியில் டோபிஸ்-கிளாங்ஃபில்ம், அதன் பின்னால் சீமன்ஸும் ஏ.இ.ஜி.யும் இருந்தன. ஜெர்மன் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய் அமெரிக்கக் கருவிகளில் படம் காட்டுவதைத் தடுத்தது. அமெரிக்க நிறுவனங்கள் பதிலுக்கு ஜெர்மனிக்குப் படம் அனுப்ப மறுத்தன. 1930 ஜூலையில் பாரிசில் கூடி உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜெர்மனியும் மத்திய ஐரோப்பாவின் பெரும்பகுதியும் டோபிஸுக்கு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா முதலியவை அமெரிக்கருக்கு. இதனால் டோபிஸ் ஒரு கருவி வியாபாரியாக மட்டும் நிற்கவில்லை. யார் படம் எடுத்தாலும் அதில் பங்காளியாகச் சேரும் பலம் அதற்கு வந்தது.

அப்படிச் சேர்ந்த படம்தான் 1931-ல் பாப்ஸ்ட் இயக்கிய 'மூன்று பென்னி ஆப்பெரா'. பெர்லினின் நேரோ ஃபிலிம் தயாரிப்பு. டோபிஸும் அமெரிக்க வார்னர் சகோதரர்களும் கூட்டாளிகள். மூன்று நிறுவனமும் சேர்ந்து ஒரே செட்டில் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எடுத்தார்கள். ஜெர்மனில் நாயகன் ருடால்ஃப் ஃபோர்ஸ்டர். பிரெஞ்சில் ஆல்பேர் பிரேஜான். நாடகத்தை எழுதிய பிரெக்ட்டும் இசையமைத்த குர்ட் வைலும் தங்கள் படைப்பைப் படத்தில் திருத்தியதற்காக வழக்குத் தொடர்ந்தார்கள் என்பது தனிக் கதை. நமக்கு இங்கே முக்கியம், ஆளுக்கொரு முதலைப் போட்டு ஆளுக்கொரு சந்தையை எடுத்துக்கொள்ளும் கூட்டுத் தயாரிப்பு அன்றே தெளிவான உருவம் பெற்றுவிட்டது என்பதுதான்.

சரியாகக் கணக்குப் போட்டவர்கள் ஜெர்மனியின் ஊஃபா நிறுவனத்தார். பெர்லினை ஒட்டிய பாபெல்ஸ்பெர்கில் 1929-ல் சிலுவை வடிவில் நான்கு தளங்கள் கொண்ட ஒலி ஸ்டுடியோவைக் கட்டினார்கள். பன்னிரண்டு மொழிக்கு ஆசைப்படவில்லை. ஜெர்மன், அதோடு பிரெஞ்சு, பெரிய படமென்றால் ஆங்கிலமும், அவ்வளவுதான். பாரிசில் அவர்களுக்குச் சொந்த விநியோக நிறுவனமே இருந்தது. பிரெஞ்சு நடிகர்களையும் வசனகர்த்தாக்களையும் பெர்லினுக்கு வரவழைத்தார்கள். தயாரிப்பாளர் எரிக் பொம்மருக்கு ஹாலிவுட் அனுபவமும் உண்டு. எந்தப் படத்துக்கு எந்த மொழி தாங்கும் என்று எடை போடத் தெரிந்தவர். அவர் தயாரித்த 'நீலத் தேவதை' 1930-ல் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டு, மார்லீன் டீட்ரிஷை உலகுக்குக் காட்டியது.

ஊஃபாவுக்குக் கிடைத்த பொக்கிஷம் லிலியன் ஹார்வி. லண்டனில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் பேசிப் பாடுவார். 1931-ல் வந்த 'காங்கிரஸ் நடனமாடுகிறது' வியன்னா மாநாட்டைப் பின்னணியாகக் கொண்ட இசைப் படம். அரண்மனை, தேர், கூட்டம் என்று பெருஞ்செலவு. மூன்று மொழியிலும் கதாநாயகி ஹார்விதான். கதாநாயகன் மட்டும் மாறுவார்: ஜெர்மனில் வில்லி ஃபிரிட்ஷ், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஹென்றி கரா. ரசிகர் எந்த நாட்டில் இருந்தாலும் தான் தேடி வந்த நட்சத்திரத்தைத் திரையில் பார்த்தார். பாட்டுக்குச் சொல் மாறினாலும் மெட்டு மாறவில்லை. அடுத்த ஆண்டு கடலில் மிதக்கும் விமானத் தளத்தை வைத்து எடுத்த 'எஃப்.பி.1' படத்துக்கு ஒவ்வொரு மொழிக்கும் அந்தச் சந்தையில் எடுபடும் நட்சத்திரத்தைத் தனித்தனியாகப் போட்டார்கள்: ஹான்ஸ் ஆல்பர்ஸ், சார்ல் புவாயே, கொன்ராட் ஃபைட். விமானமும் கடலும் மூன்றுக்கும் பொது.

மலிவான வழியைப் பிடித்தவர் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹால் ரோச். லாரல்-ஹார்டி சிரிப்புப் படங்களில் வேறு யாரை நடிக்க வைக்க முடியும்? அந்த இருவர் முகத்துக்குத்தானே கூட்டம். ஆகவே ஸ்பானிய, பிரெஞ்சு, ஜெர்மன் வசனங்களை ஒலிப்புப்படி கரும்பலகையில் எழுதி, கேமராவுக்கு வெளியே நிறுத்தினார்கள். அர்த்தம் முழுதாகத் தெரியாமலே அவர்கள் பார்த்து வாசித்தார்கள். கொச்சையான உச்சரிப்பே சிரிப்பைக் கூட்டியது. மற்ற வேடங்களுக்கு மட்டும் அந்தந்த மொழி பேசுவோர்.

உச்சரிப்பு எல்லோரையும் இப்படிக் காப்பாற்றவில்லை. ஸ்பானியப் படங்களில் ஸ்பெயின்காரர், மெக்சிகோக்காரர், அர்ஜென்டினாக்காரர் எல்லோரும் ஒரே குடும்பமாக நடித்தார்கள். அப்பா மாட்ரிட் பேச்சு, மகன் புவெனஸ் அய்ரெஸ் பேச்சு. எந்த ஊரில் போட்டாலும் யாருக்காவது காது வலித்தது. யாழ்ப்பாணத்து அப்பாவுக்கும் கோயம்புத்தூர் அம்மாவுக்கும் நடுவே மதுரை பேசும் மகன் வந்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி.

1931 முதல் மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. முதலாவது பொருளாதார வீழ்ச்சி. தியேட்டர் வசூல் சரிந்தது. கடனில் சொந்தத் தியேட்டர்களை வாங்கிக் குவித்திருந்த பாரமவுண்ட் 1933 ஜனவரியில் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கைக்குப் போனது. இரண்டாவது, 1931 கோடையில் ஜெர்மனி அந்நியச் செலாவணிக்குக் கட்டுப்பாடு விதித்தது. படம் ஓடினாலும் வசூலை நாட்டை விட்டு எடுத்துப்போவது கடினமாயிற்று. மூன்றாவதுதான் தீர்த்துவிட்டது. ஒலியைத் தனித்தனித் தடங்களில் பதிந்து கலக்கும் நுட்பம் கைவந்தது. நம் கற்பனைக் கணக்கில் 25 ரூபாய் ஆன இடத்தில் டப்பிங்குக்கு ஐந்து ரூபாய் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ரூபாய் தரும் சின்ன மொழியும் லாபமாகிவிடுகிறது. அதோடு அசல் நட்சத்திரத்தின் முகமும் கிடைக்கிறது. ஜுவான்வில் ஸ்டுடியோ டப்பிங் கூடமாக மாறியது. டப்பிங்கைத் தங்கள் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று பிரான்சும் இத்தாலியும் சட்டம் போட்டு, அந்த வேலையையாவது தங்கள் ஆட்களுக்குப் பிடித்து வைத்தன. டப்பிங் செலவுக்கும் கட்டாத சுவீடன், ஹாலந்து போன்ற நாடுகளுக்கு எழுத்து வசனமே நிலைத்தது. இன்றும் அங்கே வழக்கம் அதுதான்.

ஸ்பானிய மொழிக்கு மட்டும் ஃபாக்ஸ் நிறுவனம் 1935 வரை தனியாகப் படம் எடுத்தது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அந்த மொழி பேசும் நாடுகள் அத்தனை. ஊஃபாவும் பிரெஞ்சுப் படங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்தது. அந்த இரண்டு சந்தையும் 25 ரூபாயைத் தாண்டித் தந்ததே காரணம்.

இந்தியாவில் இதே முறை நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. 1931 மார்ச்சில் 'ஆலம் ஆரா'வை வெளியிட்ட பம்பாய் இம்பீரியல் நிறுவனத்தார் அதே ஆண்டு அக்டோபரில் 'காளிதாஸ்' படத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேச, மற்றவர்கள் தெலுங்கும் இந்தியும் பேச, எல்லாம் ஒரே படத்துக்குள். தனித்தனிப் பதிப்புக்குச் செலவழிக்கும் முன் தென்னாட்டுச் சந்தையின் ஆழம் பார்த்த முயற்சியாகவே இதை நான் காண்கிறேன். கோலாப்பூரில் பிரபாத் நிறுவனம் 1932-ல் 'அயோத்தியின் ராஜா'வை மராத்தியிலும் இந்தியிலும் எடுத்தது. இரண்டிலும் துர்கா கோட்டே. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் 1935-ல் 'தேவதாஸ்' எடுத்தபோது வங்காள மொழியில் இயக்குநர் பி.சி. பருவா தானே நடித்தார், இந்தியில் கே.எல். சைகல். சொந்த மொழியில் ஒரு பிடிப்பான சந்தை, அதற்குமேல் இந்தியில் ஒரு பரந்த சந்தை. பல நடிகர்களுக்கு இரண்டு மொழியும் வரும். ஸ்டுடியோவில் மாதச் சம்பளக்காரர்கள். ஆக இரண்டாவது பதிப்பின் கூடுதல் செலவு ஐரோப்பாவைவிடக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். சென்னையில் 1934 வரை ஒலி ஸ்டுடியோ இல்லாததால் தமிழ்த் தயாரிப்பாளர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறியது இந்தக் காலத்தில்தான்.

டப்பிங் இங்கே தாமதமாகவே வந்தது. கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை ஏ.வி. மெய்யப்பன் 1944-ல் தமிழ் பேச வைத்தார். ஆனாலும் பெரிய முதலீடு என்றால் இருமுறை எடுப்பதைத்தான் நம்பினார்கள். 1948-ல் எஸ்.எஸ். வாசன் 'சந்திரலேகா'வில் 30 லட்ச ரூபாய்வரை கொட்டினார் என்பார்கள். தமிழ் ஏரியா மட்டும் அத்தனையையும் திருப்பித் தராது என்று தெரிந்ததும் சில காட்சிகளைத் திரும்ப எடுத்து, நடிகர்கள் சிலரை மாற்றி, அதே ஆண்டின் இறுதியில் இந்தியில் வெளியிட்டு வடநாட்டு வசூலால் முதலை மீட்டார். படத்தில் பெருஞ்செலவு பிடித்த முரசு நடனத்துக்கு வசனம் தேவையில்லை. ஒருமுறை எடுத்தது இரண்டு மொழிக்கும் உழைத்தது. இன்று தமிழ்-தெலுங்கு இருமொழிப் படம் எடுப்பவர்கள் வசனக் காட்சிக்கு மட்டும் இரண்டு டேக் போட்டு, சண்டையையும் தூரக் காட்சியையும் ஒரே முறை எடுத்துக்கொள்வது இதே கணக்கில்தான்.